ரோஸ் சிரப்பில் மங்கிய கோடு

கிள்ளானில் நான் வேலை செய்யும் சிரப் தொழிற்சாலையில், காய்ச்சிய பாகில் சீனி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. அதற்கு ரிஃப்ராக்டோமீட்டர் என்று டார்ச் லைட் போல ஒரு குழாய். அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்குத் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தால், உள்ளே நீலமும் வெள்ளையும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியும். கோடு நிற்கும் எண்தான் சீனியின் அளவு. குறைந்தால் பாட்டில் கடையிலேயே புளித்துப் பொங்கும். கூடினால் அடியில் சீனி கட்டிவிடும்.

லைச்சிப் பழ சிரப் பார்த்த வரைக்கும் கோடு கத்தியால் கீறியது போல இருந்தது. என்னை ரோஸ் சிரப்புக்கு மாற்றிய வாரமே மங்கிவிட்டது. அம்மாவுக்கு இதே வயதில்தான் கண் போனது. அதனால் வேறு காரணம் எனக்குத் தோன்றவே இல்லை. ஒவ்வொரு சொட்டையும் ஜன்னலோரம் நின்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். விஷயம் தெரிந்தால் மூடி போடும் லைனுக்கு அனுப்பிவிடுவார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவளுக்கு இந்த வேலை கிடைத்ததே பெரிய விஷயம்.

அப்போதுதான் புதுக் கருவி வாங்க முடிவானது. விற்க வந்த தம்பி சேலத்துக்காரர், வேலை பெர்மிட்டில் இங்கே இருப்பவர். மூன்று கருவிகளை மேசையில் வைத்தார்.

“தினமும் நீதானே பாக்குற, நீயே சொல்லு லா,” என்றார் மேனேஜர் அக்கா.

முதலாவது, பாகில் மிதக்கவிடும் கண்ணாடிக் குழல். “உடைஞ்சா கண்ணாடி சிரப்புக்குள்ள போகும். உள்ள வைங்க தம்பி,” என்று அக்காவே அதை ஒதுக்கினார். இரண்டாவது, நான் வைத்திருப்பது போன்ற குழாய். மூன்றாவது டிஜிட்டல். சொட்டு விட்டு பட்டனை அழுத்தினால் எண் பெரிதாக வரும். பார்த்த உடனே என் கை அதற்குத்தான் போனது.

“ஏன் அது? குழாய்க்கு பேட்டரியே வேணாமே,” என்றார் அக்கா.

அவர் அந்தப் புதுக் குழாயில் ரோஸ் சிரப் விட்டு, தானே கண்ணில் வைத்தார்.

“என்னா இது, ஒண்ணும் தெரியல. கெட்டுப்போனத கொண்டாந்துட்டீங்களா?”

தம்பி வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “கெட்டெல்லாம் போகல மேடம். சிரப்புல இவ்ளோ கலர் இருந்தா வெளிச்சம் புகுந்து வராது, கோடு மங்கிடும். டிஜிட்டல்ல வெளிச்சம் கீழேருந்து பட்டு கீழயே திரும்பிடும். கலர் குறுக்க வராது.”

“எல்லாருக்குமே மங்குமா?” என்று கேட்டேன்.

“எல்லாருக்கும்தான்க்கா. எனக்கும் அதே கதிதான்.”

குழாயைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு நிறமே இல்லாத லைச்சி சிரப் கொப்பரைக்கு ஓடினேன். ஒரு சொட்டு எடுத்து ஆறவிடும் வரை கால் தரையில் நிற்கவில்லை. கண்ணில் வைத்தேன். கோடு பழையபடி, கத்தியால் கீறியது போல.

“இவளுக்கு என்னா ஆச்சு?” என்று அக்கா பின்னாலேயே வந்தார்.

அதன் பிறகு என் வாய் நிற்கவில்லை. சூடான சொட்டுக்கு எண் மாறுமா, ஈரக் கையால் தொடலாமா, கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று தம்பியைக் குடைந்தேன்.

“அக்கா, மாப்பிள்ளை பாக்கிற மாதிரி விசாரிக்கிறீங்க,” என்றார் தம்பி.

ரோஸுக்கு டிஜிட்டல், லைச்சிக்குப் பழைய குழாயே போதும் என்று சொன்னேன். மாற்று பேட்டரி என் டிராயரில் இருக்கும் என்றேன். அக்கா தலையாட்டினார்.

வீட்டுக்குப் போகும் கொம்யூட்டர் ரயிலில், சுபாங் ஜெயா பிளாட்பாரத்து விளம்பரங்களையெல்லாம் வாய்விட்டு வாசித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

இருந்தாலும் அந்தச் சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் கண்ணாடிக் கடைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. முன்பே எடுத்த அப்பாயின்மென்ட். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை வாசித்தேன். “போதும்மா,” என்றார் கடைக்காரர். அதற்கும் கீழே பலகையை அச்சடித்தவர்களின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. அதையும் வாசித்துவிட்டுத்தான் எழுந்தேன்.