சேனை தொட்டு வைத்த விரல்

என் கைக்கு ராசி உண்டு என்று கண்டுபிடித்தவள் என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய தம்பியின் மனைவி. அதுவரை அந்தக் கையைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில் ஜிப் வைத்துத் தைப்பது என் வேலை. விரல் நுனியெல்லாம் காய்ப்புக் காய்த்து, பட்டுச் சேலையைத் தொட்டால் நூல் இழுத்துவிடும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவள், "ஊசிய நீங்கதான் போடணும்க்கா, நர்சு வேண்டாம்" என்றாள்.

அவளும் என் கொழுந்தனும் மஸ்கட்டிலிருந்து வந்திருந்தார்கள். கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் குழந்தை இல்லை. கருவை வெளியில் உண்டாக்கி உள்ளே வைக்கிற சிகிச்சைக்கு அங்கே ஒரு தடவைக்கு ஆகிற செலவில், இங்கே விமானச் சீட்டும் எடுத்து வைத்தியமும் பார்த்து மிச்சமும் பிடிக்கலாம் என்று கூட வேலை பார்க்கிறவர் சொல்லியிருக்கிறார். திருநெல்வேலிக்கே போயிருக்கலாம். அங்கேயும் அந்த மாதிரி ஆஸ்பத்திரிகள் வந்துவிட்டன. ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்த முகம் ஒன்று எதிரே வந்து நிற்கும். மும்பையில் யார் வயிற்றைப் பற்றியும் யாருக்கும் அக்கறை இல்லை. அதனால் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஊரில் கேட்டவர்களுக்கு, அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரப் போகிறோம் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

என் மாமியார் இருந்த வரைக்கும் அவருக்கு இன்சுலின் போட்டது நான்தான். அதனால் ஊசி எனக்குப் புதிதில்லை. ஆனால் இவள் என்னைக் கேட்டது அதற்காக இல்லை.

"உங்களுக்கு நெனச்ச உடனே ரெண்டும் உண்டாச்சுல்லா. அந்தக் கை பட்டா எனக்கும் நிக்கும்" என்றாள்.

"அதுக்கும் கைக்கும் என்னட்டி சம்பந்தம்?" என்று கேட்டேன். அவள் வெட்கப்பட்டுச் சிரித்ததில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குத் தாய் இல்லை. என்னிடம் மட்டும்தான் அப்படிச் சிரிப்பாள்.

செம்பூரில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அந்த கிளினிக். உட்கார்ந்திருக்கிற பெண்களில் பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். சிலர் ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்து, பெட்டியைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். யாரும் யாரிடமும் ஊர் கேட்க மாட்டார்கள். மருந்தை ஐஸ் பையில் கட்டித் தருவார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வருவோம். வீட்டுக்கு வந்ததும் என் ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்கும் மீன் குழம்புக்கும் நடுவில் அது போய் உட்காரும். சாயங்காலம் ஆனதும் அவள் கட்டிலில் படுத்துச் சேலையைத் தளர்த்துவாள். தொப்புளுக்குப் பக்கத்துச் சதையைக் கிள்ளிப் பிடித்து நான் ஊசி போடுவேன். அவள் கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பாள்.

ஊசி ஆரம்பித்து ஒரு வாரம் போயிருக்கும். பட்டறையில் தோல் ஒட்டுகிற பசையின் வாடை எனக்கு வயிற்றைப் புரட்டியது. பத்து வருடமாகச் சுவாசிக்கிற வாடை அது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் தெருக் கடையில் வாங்காமல் சயான் வரைக்கும் நடந்துபோய்ச் சோதனை அட்டை வாங்கி வந்தேன். குளியலறையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது கோடும் வந்துவிட்டது. கதவுக்கு வெளியே அவள் குரல் கேட்டது.

"அக்கா, ஊசிக்கு நேரமாச்சு."

அட்டையைத் தாளில் சுற்றி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். கையைக் கழுவிவிட்டு ஊசி போட்டேன்.

எனக்கு அந்தப் பிள்ளை வேண்டாம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இரண்டாவது பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறி நான் பிழைத்ததே பெரிய விஷயம். இருக்கிற இரண்டு பேரும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். வீடு என்று சொல்வது ஒரு அறை, ஒரு சமையலறை. நான் எடுத்த முடிவு தவறு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அப்புறம் எதற்கு இந்த உறுத்தல் என்றுதான் எனக்கும் தெரியவில்லை.

வீட்டில் பேச இடமில்லாததால் என் கணவரை பஸ் ஸ்டாப்புக்கு வரச் சொல்லி அங்கே வைத்துச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "தம்பிக்குக் குடுத்துரலாமா?" என்றார்.

"என் வயிறு என்ன பார்சல் ஆபீசா?" என்று கேட்டேன்.

"கோவப்படாத. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்."

நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் என் காலைப் பிடித்துவிடுவாள், அப்புறம் என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. உயிரைப் பணயம் வைத்துச் சுமந்து பெற்றுக் கொடுத்துவிட்டு, அது லீவுக்கு வரும்போதெல்லாம் என்னைப் பெரியம்மா என்று கூப்பிட, நான் 'என்ன' என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பில்லை. அவளிடம் இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று அவரிடம் சொன்னேன். அவரும் மூச்சு விடவில்லை.

பட்டறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, சயானில் ரயில் ஏறி முலுண்டில் இறங்கினேன். கொழுந்தனும் அவளும் கடல் தாண்டி வந்தது யாருக்கும் தெரியாமல் இருக்கத்தான். நான் முலுண்டுக்குப் போனதும் அதற்குத்தான். ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நான் பார்த்த டாக்டரம்மா நல்லவர். திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு மாத்திரையை அங்கேயே விழுங்கச் சொன்னார். மிச்சத்தை வீட்டில் போட்டுக்கொள்ளக் கொடுத்து, உதிரம் ரொம்பப் போனால் உடனே வரச் சொன்னார்.

அந்த வாரத்தில்தான் செம்பூரில் அவளுக்குக் கருவை உள்ளே வைத்திருந்தார்கள். கொழுந்தன் லீவு முடிந்து மஸ்கட்டுக்குப் போய்விட்டான். கனம் தூக்காதே, அலையாதே என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் கட்டிலில் படுத்திருந்தாள். நான் கீழே பாயில் சுருண்டு கிடந்தேன். மாசத் தொந்தரவு என்று சொல்லியிருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். உளுந்து ஊறப்போட்டு அரைத்து, கருப்பட்டி போட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள்.

"என்னக்கா இந்தத் தடவ இப்படிப் போகுது. குடிங்க, இடுப்புக்கு நல்லது" என்றாள்.

"நீ எதுக்கு எந்திரிச்ச? போய்ப் படு" என்று அதட்டினேன். அதட்டினால்தான் அழாமல் இருக்க முடியும் போல இருந்தது. அவள் என் தலைமாட்டில் உட்கார்ந்து, நான் குடித்து முடிக்கிற வரைக்கும் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். கரு தங்குவதற்கென்று தினமும் போடுகிற ஊசி ஒன்று அப்போதும் பாக்கி இருந்தது. அன்று சாயங்காலம் எழுந்து கையைக் கழுவிவிட்டு அதையும் போட்டேன். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் எனக்கு என் மேல் மரியாதையாவது இருந்திருக்கும்.

ரத்தப் பரிசோதனை வரைக்கும் இருந்த நாட்களில் நான் சாமி கும்பிட்ட மாதிரி அதற்கு முன்பு கும்பிட்டதில்லை. பட்டறைக்குப் போகிற வழியில் அம்மன் கோயில். தினமும் நின்றேன். அவளுக்குத் தங்க வேண்டும், எப்படியாவது தங்க வேண்டும் என்று கேட்டேன். அவளுக்காகத்தான் கேட்டேனா என்றால், இல்லை. அவளுக்குத் தங்காமல் போனால் என் காரியம் என்னைத் தூங்க விடாது. எனக்கு விடுதலை கிடைக்க அவளுக்குப் பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு வேண்டுதல்.

தங்கிவிட்டது. கிளினிக்கிலிருந்து போன் வந்ததும் அவள் என் வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மஸ்கட்டிலிருந்து கொழுந்தன் போனில், "மதினி, உங்க கைராசிதான்" என்று அழுதான். எனக்கு விடுதலை வரவில்லை.

விமானப் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் பிரசவம் வரைக்கும் அவள் எங்களோடுதான் இருந்தாள். ஐந்து மாதமானதும் என் கைராசி பற்றிய செய்தி எங்கள் கட்டடம் முழுக்கப் பரவியது. மூன்றாவது மாடிக்காரி தன் மருமகளைக் கூட்டிவந்து, டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை என் கையால் எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். நானும் கொடுத்தேன், வேறு என்ன செய்ய. ஓரகத்திக்கு மாட்டுங்காவிலிருந்து கொடுக்காப்புளி கேட்டால் கொடுக்காப்புளி, நார்த்தங்காய் கேட்டால் நார்த்தங்காய் வாங்கி வந்தேன். கால் வீங்கியபோது வெந்நீரில் வைத்துப் பிடித்துவிட்டேன். பெற்ற தாய்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். பெற்ற தாய்க்கு இவ்வளவு பயம் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

பெண் குழந்தை பிறந்தது. எங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்ததும் சேனை வைப்பது வழக்கம். மனதுக்குப் பிடித்த ஒருவர் சீனித்தண்ணீரை விரலால் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைப்பார். வைத்தவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். ஆஸ்பத்திரி நர்சு, "தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது" என்று இந்தியில் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். என் ஓரகத்தி விடுகிற ஆள் இல்லை. மறுநாள், பிரசவத்துக்கு லீவு போட்டு வந்திருந்த கொழுந்தன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது, ஒரு சின்னக் கிண்ணத்தில் தன் பாலையே பீய்ச்சி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"சீனித்தண்ணிதான கூடாது. இதத் தொட்டு நீங்க வைங்கக்கா. உங்க குணம் அப்படியே வரணும்."

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"எனக்கு வேண்டாம்ட்டி. வேற யாரையாவது வைக்கச் சொல்லு."

"ஏங்க்கா?"

"வேண்டாம்னா விடேன்."

அவள் முகம் சுண்டிப்போனது. "ஊசி போட்டு உண்டான பிள்ளைன்னு வேண்டாங்கீங்களா?" என்று கேட்டாள்.

அதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். எனக்கு உண்டானது, முலுண்டுக்குப் போனது, எல்லாம். சின்னக் குரலில், நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இத்தனை மாதமாகச் சுமந்தது அவ்வளவுதானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே, "நான் உளுந்தங்கஞ்சி வச்சுக் குடுத்தேனே, அன்னைக்கா?" என்றாள்.

"ஆமா."

பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை அழுது, அடங்கி, மறுபடியும் அழுதது. இவள் கிண்ணத்தை மடியில் வைத்து அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லாக்கா."

ரத்த அழுத்தம், ஒரு அறை வீடு, பெரியம்மா என்று கூப்பிடுவது எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. அவள் கேட்டது அதை இல்லை. ஏன் பெற்றுக் கொடுக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. ஏன் கேட்கக்கூட இல்லை என்றுதான் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருந்திருந்தால், அன்றைக்கே கேட்டிருப்பேனே.

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். அப்போது அவள் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள். என்னைப் பார்க்கவில்லை.

"தொட்டு வைங்க. நர்சு வந்துருவா."

கையைக் கழுவிவிட்டு வந்து விரலை நனைத்து வைத்தேன். குழந்தை என் விரலைக் காய்ப்போடு சேர்த்துப் பிடித்துச் சப்பியது. எடுக்கப் பார்த்தால் விடவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிள்ளையோடு மஸ்கட்டுக்குப் போகும்போது ஏர்போர்ட்டில் எப்போதும் போலக் கட்டிப்பிடித்து அழுதாள். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு லீவு, அன்று வீடியோ காலில் வருவாள். என்ன சமையல், பிள்ளைகளுக்குப் பரீட்சை எப்படி, இடுப்பு வலி தேவலையா என்று எல்லாம் கேட்பாள். பிள்ளைக்கு இப்போது மூன்று வயது ஆகப்போகிறது.

போன வெள்ளிக்கிழமை பேசும்போது அங்கே ஒரே கலவரம். பிள்ளை அப்பாவின் மூக்குக்கண்ணாடியை எங்கேயோ கொண்டுபோய் ஒளித்து வைத்துவிட்டது. கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள், மிட்டாய் காட்டினார்கள். உதட்டை இறுக்க மூடிக்கொண்டு அசையாமல் நிற்கிறது.

"இது யார் குணம்? எங்க வீட்டுல இப்படி ஒரு அழுத்தக்காரி கெடையாதே" என்றான் கொழுந்தன்.

"சேனை வச்சது யாரு? எங்கக்கால்லா" என்றாள் அவள். "எதச் செஞ்சாலும் சத்தமில்லாம செஞ்சிட்டு, வச்ச கஞ்சியக் குடிச்சிட்டுப் படுத்துக்கிடும்."

கொழுந்தன் சிரித்தான். என் பிள்ளைகள் இரண்டும் சிரித்தார்கள். என் கணவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் என்னையே பார்த்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு போனைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடித்து, "எங்க வச்சேன்னு பெரியம்மாட்ட சொல்லு" என்றாள்.

பிள்ளை என்னைப் பார்த்தது. வாயைத் திறக்கவில்லை.