உட்கார்ந்திருப்பதற்கும் கூலி கேட்டவர்

மதலேனம்மா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் குதிரைவண்டிக்கார ரஹீம் பாய். திண்டிவனம் பஸ்ஸில் வந்த என் நாத்தனாரை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். கூலியை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட பிறகும் அவர் போகவில்லை. குதிரையின் வாரை அவிழ்த்து, மறுபடி கட்டினார்.

“யம்மா, நம்ம தண்ணி ஊத்தற அம்மா மவுத்தாயிட்டாங்க. உங்களுக்குச் சேதி வந்துச்சா?”

வரவில்லை என்றேன்.

“நேத்து ஞாயித்துக்கெழம இல்ல? மாதா கோயில் வாசல்ல வண்டியக் கட்டிக்கினு நிக்கறேன். பூசை முடிஞ்சு எல்லாரும் பூட்டாங்க. இவங்க மட்டும் வரல. கேட்டா, வியாழக்கெழமயே பொதச்சிட்டோம்ன்றாங்க. காய்ச்சலாம். மூணே நாளு.”

உள்ளே என் இரண்டாவது குழந்தைக்காக அடுப்பில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. அது கொதித்து மூடியைத் தள்ளுகிற வரைக்கும் நான் வாசலிலேயே நின்றேன்.

அது நடந்து ஒன்றரை மாதம் ஆகிறது. நம் மாதர் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோதே இதை எழுத நினைத்தேன். கைக்குழந்தைக்காரி எழுதுவது என்றால் எவ்வளவு தாமதமாகும் என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகளுக்கு மதலேனம்மா தண்ணீர் ஊற்றியிருக்கிறார். புதிதாகச் செஞ்சிக்கு மாற்றலாகி வந்தவர்களுக்காக இரண்டு வரி: பிறந்த குழந்தையைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டித் தூங்கவைக்கும் வேலை அவருடையது. ஐம்பது வயது இருக்கலாம். கணவரும் பிள்ளைகளும் இல்லை. ஊருக்கு வெளியே கிறிஸ்தவர்கள் குடியிருக்கும் பக்கத்திலிருந்து விடியற்காலையில் நடந்து வருவார். ஒரு நாளைக்கு ஐந்து வீடு.

என் மூத்த பெண் சாரதா பிறந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தாலுகா ஆபீஸில் வேலைக்கு வந்த என் கணவருடன் ஊருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்குத் தாயார் இல்லை. பட்டணத்துக் கல்லூரியில் படித்த படிப்பு, குழந்தை ஏன் அழுகிறது என்று சொல்லித் தரவில்லை. முதல் நாள் வந்தபோதே மதலேனம்மா தம் கணக்கைச் சொல்லிவிட்டார்.

“தண்ணி ஊத்தறதுக்கு மாசம் ரெண்டு ரூபா. ஒக்காந்திருக்கறதுக்கு ஒரு ரூபா.”

“உட்கார்ந்திருக்கிறதுக்கா?”

“மத்தியானம் நாலு வூடு முடிச்சுட்டு உன் ஊட்டுக்குக் கடைசியா வருவேன். ஊத்தி முடிச்சதும் புள்ளய மடியில போட்டுக்கினு ரெண்டு மணி நேரம் ஒக்காந்திருப்பேன். நீ போய்ப் படுத்துத் தூங்கணும்.”

சும்மா உட்காருவதற்குக் கூலியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பிரசவமாகி இருபது நாள் ஒழுங்காகத் தூங்காதவள், தூங்கு என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்வாள். தெருவில் விஷயம் பரவியது. எதிர்வீட்டு அம்மாள், “ஏம்மா, தூங்கறதுக்குக் கூலி குடுக்கறியாமே? எனக்குக் குடு, நானும் வந்து உன் ஊட்ல நல்லாத் தூங்கறேன்” என்றார். என் கணவருக்கும் அந்த ஒரு ரூபாய் உறுத்தியது. விறகு விலை ஏறியிருந்தது, மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது, ஒரு ரூபாய் என்றால் ஒரு ரூபாய்தான். பணம் இன்னதற்குப் போகட்டும், இன்னதற்கு வேண்டாம் என்று பிரிப்பதுதான் அந்த வருடங்களில் எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே பேச்சு.

மதலேனம்மாவின் பிரிவினை வேறு மாதிரி இருந்தது. வாரத்தில் ஆறு நாள் நடப்பவர், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரஹீம் பாய் வண்டியில் தனியாக ஏறி, கூப்பிடு தூரத்தில் இருக்கும் தம் வீட்டுக்குப் போவார். பூவும் வாங்க மாட்டார், புதுப்புடைவைக்கும் ஆசைப்பட மாட்டார், வண்டிக்கு மட்டும் காசு கொடுப்பார். அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் கடைத்தெருவில் இல்லை. நானும் ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

“ஆறு நாளு என் காலு ஊராமூட்டுப் புள்ளைங்களுக்கு. ஞாயித்துக்கெழம என் காலுக்கு நான் வண்டி வெக்கறேன். இதுல இன்னா சிரிப்பு?”

அவர் சொன்னதெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். நான் கொசுவலை வாங்கியபோது, “புள்ளைக்குக் கூண்டா?” என்று ஒரு வாரம் கேலி பேசினார். பிறகு ஒரு பங்குனி மத்தியானத்தில் எட்டிப் பார்த்தால், சாரதாவோடு அவரும் வலைக்குள் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், “கொசுவுக்கு ஒண்ணியும் இல்ல. ஈ வராம இருக்குது” என்றார். அதற்குமேல் அவர் இறங்கி வந்து நான் பார்த்ததில்லை.

இனி எழுதப்போவது எனக்குக் கொஞ்சம் கஷ்டமானது.

சாரதாவுக்கு மூன்று மாதம் ஆனபோது எனக்குப் பால் குறைந்தது. குறைந்ததா, குறைந்துவிட்டது என்று நான் பயந்தேனா, இன்றைக்கும் தெரியாது. என்னோடு படித்த தோழி பட்டணத்திலிருந்து எழுதினாள்: தன் பிள்ளைக்கு டப்பாப் பால்மாவுதான், கன்னம் எப்படி இருக்கிறது பார் என்று. யுத்தத்தில் அது கடையில் கிடைக்காது. தெரிந்தவர் மூலமாக, இரண்டு பங்கு விலைக்கு வாங்கி அனுப்புவதாகச் சொன்னாள். எதை நிறுத்தி அதை வாங்குவது என்று யோசிக்க எங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

மறுநாள் மதலேனம்மாவிடம், இனிமேல் தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதும் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஈரக்காலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “சரி. அந்த டப்பா புள்ளயப் பாத்துக்குமா, நீ தூங்கறப்ப?”

டப்பா, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் வந்து சேர்ந்தது. அதை நான் அலமாரியில் மேல் தட்டில், துணி மறைத்து வைத்தேன். அவ்வளவு விலை கொடுத்தது. அடுத்தது எப்போது கிடைக்கும் என்று தெரியாது. டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டில் நான்கு கரண்டி என்று இருந்தது. முதல் நாள் நான்கு போட்டேன். டப்பாவில் அதற்குள் பள்ளம் விழுந்திருந்தது. இரண்டாம் நாள் மூன்று. ஒரு வாரத்துக்குள் இரண்டு. கத்தியால் வழித்து, மட்டமான இரண்டு. பால் புகட்டும் பாலாடையில் பார்த்தால் வெள்ளையாகத்தானே இருந்தது. குழந்தை குடித்துவிட்டு அழுதது. அழுதால் இன்னும் கொஞ்சம் வெந்நீர் சேர்த்துக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் தீர வேண்டிய டப்பா எனக்கு மூன்று வாரம் ஆகியும் தீரவில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ராஜகிரி மலைப் பாறை காய்ந்து ஊரே அடுப்பாக இருந்த ஒரு நாள் மதலேனம்மா சாரதாவைக் கால்மேல் போட்டார். எண்ணெய்க் கிண்ணத்தில் கை வைத்தவர், எடுக்கவில்லை. குழந்தையை ஒரு முறை தூக்கினார். மறுபடி காலில் வைத்தார்.

“எறங்கிட்டுருக்குது” என்றார்.

“என்ன?”

“புள்ள. நாலு மாசமா இதே காலு. எனுக்குத் தெரியாதா? போன மாசத்துக்கு இப்ப கனமே இல்ல. தொடையைப் பாரு, தோலு தனியா வருது. அந்த டப்பாவ எடு.”

எடுத்து வந்தேன். ஆட்டிப் பார்த்தார். அதன் சத்தத்தைக் கேட்டு நெற்றியைச் சுருக்கினார்.

“வந்து எத்தினி நாளாச்சு?”

சொன்னேன்.

“இந்தச் சீட்டுல இன்னா போட்டுருக்குது? எனுக்குப் படிக்கத் தெரியாது. நீ படி.”

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். இத்தனை தண்ணீருக்கு நான்கு கரண்டி.

“நீ எத்தினி போடற?”

“ரெண்டு.”

“ஏன்?”

“சீக்கிரம் தீந்துடும்னு.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

“தீந்து போறதுக்குத்தானே மாவு வாங்கன?” என்றார்.

தண்ணீர் காய்ச்சி ஆறவைத்து, நான்கு கரண்டி போடச் சொன்னார். “மூணாவதுக்கே கை நிக்குது பாரு. போடு.” போட்டேன். சாரதா மூச்சு விடாமல் குடித்தாள். குடித்து முடித்ததும் அழவில்லை. குழந்தை பாலாடையைத் தள்ளிவிட்டுத் தூங்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

அன்றைக்கு மதலேனம்மா சொன்னது: “பயந்து பயந்து எடுக்கற சாமான் நம்ம ஊட்டுல இருந்தாலும் இன்னும் கடையிலதான் இருக்குது.” அதற்குப் பிறகு நான் எதை வாங்கப் போனாலும் இந்த வாக்கியம் முன்னால் வந்து நிற்கிறது. விலை கொடுக்க முடியுமா என்று மட்டும் பார்ப்பதில்லை. கைகூசாமல் செலவழிக்க முடியுமா என்றும் பார்க்கிறேன். முடியாதென்றால் அது என் தரத்துக்கு விலை அதிகம்.

மிச்சமிருந்த மாவு இரண்டு நாளில் தீர்ந்தது. அடுத்த டப்பா வேண்டாமென்று எழுதிவிட்டேன். பக்கத்துத் தெருப் பசுவை வாசலுக்கு ஓட்டிவந்து, கண்ணெதிரில் கறந்து தர ஏற்பாடு செய்தார் மதலேனம்மா. கண்ணெதிரில் கறந்தால் அரையணா அதிகம். அதைக் கொடு என்றார். பழையபடி உட்காரவும் வருவேன் என்றார். எனக்கிருந்த குற்ற உணர்ச்சியில், அவர் இரக்கப்பட்டுத்தான் வருகிறார் என்று நினைத்து, “கூலி இப்ப முடியாதே” என்றேன்.

“கூலி குடுத்தாத்தான் நீ தூங்குவ. சும்மான்னா எனுக்குக் காப்பி போட எழுந்து வருவ. எதிர்ல ஒக்காந்து கத பேசுவ. ரூபாய எடு.”

எடுத்தேன். தூங்கினேன். எனக்கும் மறுபடி பால் வந்தது. தூக்கத்தால் வந்ததா, பயம் தெளிந்ததால் வந்ததா, சொல்லத் தெரியவில்லை. ஆவணி பிறந்தபோது சாரதாவின் முழங்காலில் சதை பிடித்துக் குழி விழுந்தது. ஒரு மாதம் பல் முளைத்து அவள் படுத்திய பாட்டில் நான் பாதி நாள் தூங்கவில்லை, அந்த நாட்களுக்குக் கூலியைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். “நீ முழிச்சிக்கினு இருந்தா அது உன் தப்பு. நான் ஒழுங்காத்தான் ஒக்காந்திருந்தேன்” என்றார்.

வேலை முடிந்து அவர் நின்றுகொண்ட மாதம், கூலிக்குப் பதிலாக என் புடைவை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நல்ல புடைவைதான். பிரித்துப் பார்த்து, மடித்து, திருப்பி வைத்தார். “பொடவ நல்லாருக்குது. ஆனா இது உனுக்கு வேணாம்னு எனுக்குக் குடுக்கற. கூலி அப்பிடி இல்ல. உனுக்கு வேணும்னாலும் எனுக்குத் தரணும்.” உங்களில் சிலரும் அவருக்குப் புடைவை நீட்டியிருப்பீர்கள். வாங்கியிருக்க மாட்டார்.

இப்போது, நான் எழுத உட்கார்ந்ததற்கான காரணம். அந்த டப்பா நாளில் என் கணவர் சாப்பாட்டுக்கு வந்தபோது குழந்தையைப் பார்த்து, “ஏன் இப்படி வாடிக் கெடக்கு?” என்றார். நான் வாய் திறப்பதற்குள் மதலேனம்மா, “பாறச் சூடு. எல்லா ஊட்டுப் புள்ளைங்களும் எறங்கித்தான் கெடக்குது. பாலை மாத்தச் சொல்லிருக்கறேன்” என்றார். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அப்படி இல்லை. அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

மதலேனம்மாவின் வாயை நீங்கள் அறிவீர்கள். எந்த வீட்டில் மாமியார் பேசவில்லை, எந்த வீட்டில் நகை அடகுக்குப் போனது, எல்லாம் அவரோடு ஐந்து வீடும் நடக்கும். படித்த பெண் ஒருத்தி சீட்டைப் படித்துவிட்டே பிள்ளையைப் பட்டினி போட்ட கதை எவ்வளவு சுவையானது. யாராவது ஒரு நாள் கோயிலிலோ கிணற்றடியிலோ அதை என்னிடமே சொல்லிக் காட்டுவார்கள் என்று வருடக்கணக்கில் காத்திருந்தேன். வரவில்லை. எத்தனையோ வேலைக்குத் தனித்தனியாகக் கூலி பேசியவர், இதற்கு ஒன்றும் கேட்கவில்லை.

ரஹீம் பாய் சொல்லிவிட்டுப் போன அன்று மாலை என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது இதுதான்: “இப்ப சின்னதுக்கு யார் வந்து உக்கார்றாங்க?” யாருமில்லை, மதலேனம்மாவுக்கு இந்தத் தடவை ஐந்து வீடும் நிறைந்திருந்தது என்றேன். “ஆளைப் பாரு” என்றார்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது ஒருத்தி, விலைக்குப் பயந்து ஏதோ ஒரு கரண்டியைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். இரவில் அழுகிற குழந்தைக்கு வேறு காரணம் சொல்லிக்கொண்டிருக்கலாம். அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள். சீட்டை இருவரும் சேர்ந்து படிப்போம். வெளியே போகும்போது யார் கேட்டாலும் நான் வெயில் என்றுதான் சொல்வேன். மதலேனம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.