இரண்டு வீட்டுப் பூனையின் வலது காது

எங்கள் பூனையின் காது நாறத் தொடங்கியபோது முதலில் பழி விழுந்தது என் செருப்பின் மேல்தான். நான் மாத்தளை டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறவன். மழை நாளில் நனைந்த செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிடுவேன். "என்னங்க, ஒங்க செருப்புக்குள்ள என்னமோ செத்துக் கெடக்குது. எடுத்துத் தூரப் போடுங்க" என்று மனைவி சத்தம் போட்டாள். போட்டேன். நாற்றம் போகவில்லை. அப்போது என் மகள், மடியில் கிடந்த பூனையின் தலையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, செருப்பு இல்ல. இவ காது."

பூனைக்கு எங்கள் வீட்டில் ஒரு பெயர் உண்டு. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்று போகப்போக உங்களுக்கே விளங்கும். சாம்பல் நிறம், வரி வரியான முதுகு, வெள்ளை வயிறு. மகள் நடை பழகிய காலத்தில், ஒரு அடைமழை நாளில், அதுவாகவே எங்கள் குசினிக்குள் வந்து அடுப்பு ஓரமாகப் படுத்துக்கொண்டது. போ என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. முன்பெல்லாம் பின்பக்க மதிலில் ஒரே தாவில் ஏறிவிடும். இப்போது முதலில் துணி துவைக்கிற கல்லில் ஏறி, கொஞ்ச நேரம் யோசித்து, பிறகுதான் மதிலில் ஏறும். வயது போய்விட்டது.

வலது காதைத் திருப்பிப் பார்த்தோம். உள்ளே சிவந்து வீங்கி, கறுப்பாக அழுக்கு ஒட்டியிருந்தது. தொட்டதும் சீறியது. பின்னங்காலால் காதைப் பிறாண்டிப் பிறாண்டி அந்தப் பக்கத்து முடியே கொட்டிப்போயிருந்தது.

மகளுக்குச் சின்ன வயதில் காது வலித்தால், அவளுடைய அம்மா நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து இரண்டு சொட்டு விடுவாள். அதையே பூனைக்கும் செய்தாள். பூனை தலையை உதறியதில் அந்த எண்ணெய் சுவர், கலண்டர், என் சட்டை எல்லாவற்றிலும் தெறித்தது. காது மட்டும் குணமாகவில்லை.

அதனால் ஒரு பிஸ்கட் பெட்டியில் ஓட்டை போட்டு, பூனையை அதற்குள் வைத்து, மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். வைத்தியர் ஒரு சிங்களப் பெண்மணி. காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். பஞ்சில் கொஞ்சம் அழுக்கை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, பக்கத்து அறைக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். பூஞ்சணம் என்றார்.

"எண்ணெய் ஊத்தினீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கொஞ்சம்தான் மிஸ்" என்றேன்.

"இனிமேல் அந்தக் கொஞ்சமும் வேணாம். பூஞ்சணத்துக்கு ஈரமும் எண்ணெயும்தான் சாப்பாடு. காது காயணும்."

பால் மாதிரி வெள்ளையான ஒரு சொட்டு மருந்து தந்தார். காலையும் மாலையும் வெளியே தெரிகிற அழுக்கை மட்டும் பஞ்சால் துடைத்துவிட்டு, சொட்டு விட்டு, காதின் அடியைப் பிசைந்துவிட வேண்டும். சுகமான மாதிரி தெரிந்தாலும் நிறுத்தக்கூடாது.

பிள்ளைகளே, பூனைக்குக் காதில் மருந்து விடுவது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். நான் துவாயால் அதைச் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ரொட்டிச் சுருள் போலப் பிடித்துக்கொள்வேன். மகள் காதோடு ஏதோ குசுகுசுவென்று சொல்லிக்கொண்டே சொட்டு விடுவாள். என்ன சொல்கிறாய் என்று கேட்டால் சொல்லமாட்டாள். காதின் அடியைப் பிசையும்போது சளக் சளக் என்று சத்தம் வரும். அப்போது மட்டும் பூனை கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை அவள் கைக்குள் சாய்த்துவிடும். என் கையில் இருந்த கீறல்களைப் பார்த்துவிட்டு, ஸ்டாண்டில் இருக்கிற மற்ற டிரைவர்மார், "என்ன மச்சான், வீட்டுல சண்டையா?" என்று கேட்டார்கள்.

இவ்வளவு பாடுபட்டும் காது காயவில்லை. நாங்கள் வெள்ளையாக ஊற்றினோம், மறு நேரம் பார்த்தால் கறுப்பாக வழிந்தது. துடைத்துத் துடைத்துப் பஞ்சு முடிந்தது. பிறகு ஒரு நாள் பூனை நடக்கும்போது தலையை வலது பக்கம் சாய்த்தபடி நடந்தது.

மகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி வைத்தியரிடம் ஓடினேன். இந்த முறை அவர் முகம் சரியில்லை.

"காதுக்கு உள்ளே இன்னொரு காது இருக்கு. நாம நிமிர்ந்து நிக்கிறது அதாலதான். கிருமி அங்கே போய்ட்டா பூனையால நடக்க ஏலாது. அப்புறம் மயக்க மருந்து குடுத்துத்தான் காதைக் கழுவணும். இந்த வயசுல மயக்கத்துல இருந்து எழும்புமான்னு என்னால சொல்ல முடியாது." பிறகு விரலில் ஒட்டியதைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "எண்ணெய் ஊத்தாதீங்கன்னு சொன்னேன்தானே?" என்றார்.

"சத்தியமா ஊத்தல மிஸ்."

"அப்ப இது என்ன?" விரலைக் காட்டினார். எண்ணெய்தான், பளபளவென்று மின்னியது. "இன்னும் ஒரு தரம் மருந்து தாறேன். சரியா செஞ்சு பாருங்க."

த்ரீவீலில் திரும்பி வரும்போது மகள் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் பெட்டியை என்னிடம் தந்துவிட்டு நேரே குசினிக்குப் போய் அம்மாவின் முன்னால் நின்றாள்.

"அம்மா, நீங்க இன்னும் பூண்டெண்ணெய் ஊத்துறீங்களா?"

"என்னாடி இது? அன்னைக்கு டொக்டர் வேணாம்னு சொன்னதுல இருந்து நான் தொட்டதே இல்ல."

"அப்ப எண்ணெய் எப்படி வந்துச்சு? அதுவா போய்த் தலைக்கு வச்சுக்கிச்சா?"

"ஒன்னோட பூனைய ஒன்னைவிட நான்தான்டி கூடப் பாக்குறேன்!" என்று மனைவி அழத் தொடங்கிவிட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் பெட்டியோடு நின்றேன். பெட்டிக்குள் இருந்து பூனையும் கத்தியது.

அன்று மாலை மகள் பூனையின் கழுத்து முடியைத் தடவிக்கொண்டிருந்தபோது, முடிக்குள் ஏதோ சிக்கியிருப்பது கையில் பட்டது. இழுத்து எடுத்தாள். எண்ணெயில் ஊறிப்போன, நுனி மெலிந்த ஒரு கோழி இறகு. எங்கள் வீட்டில் கோழி இல்லை. அவள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். பூண்டு வாசம் இல்லை. காரமும் கசப்பும் கலந்த வேறொரு வாசம்.

மறுநாள் பூனையை அவள் வேண்டுமென்றே வெளியே விட்டாள். அது துவைகல்லில் ஏறியது, யோசித்தது, மதிலில் ஏறியது, அந்தப் பக்கம் இறங்கியது. மகள் துவைகல்லில் ஏறி எட்டிப் பார்த்தாள். பிறகு கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம். நாங்கள் நானா என்று கூப்பிடுகிற அந்த வீட்டுக்காரர், கிராமங்களில் மிளகும் கராம்பும் வாங்கி டவுனில் கொடுக்கிற வியாபாரி. அவருடைய மனைவியை நானும் மனைவியும் ராத்தா என்போம், மகள் மாமி என்பாள். பிள்ளைகள் கலியாணம் முடித்துத் தூரத்தில் இருக்கிறார்கள். பூனை அங்கே மீன் தலை தின்னப் போகும் என்பது எங்களுக்குத் தெரியும். மீன் தலைக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தோம்.

ராத்தா குசினி வாசலில் தாழ்வான பலகையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பூனை அவர் மடியில் மல்லாந்து கிடந்தது. துவாய் இல்லை, பிடி இல்லை, சீறல் இல்லை. அவர் வாய்க்குள் ஏதோ ஓதி, பூனையின் தலையில் மெல்ல ஊதினார். பிறகு சின்னக் கோப்பையில் ஒரு கோழி இறகைத் தோய்த்துக் காதுக்குள் விட்டார்.

"மாமி!" என்று மகள் கத்தியதில் இறகு கீழே விழுந்தது.

"யா அல்லாஹ்! என்ன புள்ள, உயிரே போயிருச்சு!"

"அது என்னா மாமி?"

"கருஞ்சீரக எண்ணெய். எங்க பூனைக்குக் காதுல வருத்தம்."

"எங்க பூனை" என்றதைக் கேட்டதும் மகளின் முகம் மாறியது. நானும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ராத்தா, இந்தக் காதுக்கு நாங்க டொக்டர்கிட்ட மருந்து எடுத்துக் காலையும் மாலையும் ஊத்துறோமே" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "அந்த வெள்ள வெள்ளையா வாறது மருந்தா தம்பி?"

"ஆமா."

"நான் சீழ்னு நெனச்சேனே! சீழ் வைக்குது சீழ் வைக்குதுன்னு ஒவ்வொரு நாளும் சுத்தமா தொடச்சு எடுத்துட்டுத்தான் எண்ணெய் விட்டேன்."

"நாங்க ஒங்க எண்ணெய அழுக்குன்னு தொடச்சோம் மாமி" என்றாள் மகள்.

உள்ளே இருந்து சாரத்தைச் சரிசெய்துகொண்டு வந்த நானாதான் முதலில் சிரித்தார். "அப்ப ரெண்டு வீடும் சேர்ந்து அந்த வாயில்லாத சீவன்ட காதக் கழுவிக்கொண்டு இருந்திருக்கு."

அவர்கள் சொல்லித்தான் இன்னொன்றும் தெரிந்தது. லக்கல கிராமங்கள் பக்கமிருந்து வந்த ஒரு மிளகுச் சாக்கோடு சாக்காக அது குட்டியாக அவர்கள் வீட்டுக்கு வந்ததாம். எங்கள் குசினிக்கு அது வந்த நாளுக்கு வெகு காலம் முன்பே அவர்கள் வீட்டில் அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. இப்போது விளங்குகிறதா, நான் ஏன் பெயரை எழுதவில்லை என்று? எதை முதலில் எழுதினாலும் மற்ற வீட்டில் கோபித்துக்கொள்வார்கள்.

அடுத்த நாள் என் த்ரீவீலின் பின் சீட்டில் மகள், ராத்தா, நானா, நானாவின் மடியில் பிஸ்கட் பெட்டி. வைத்தியர் இத்தனை பேரையும் பார்த்துவிட்டு, "யாருடைய பூனை?" என்று கேட்டார். "எங்க பூனை" என்று மகளும் ராத்தாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். நான் நடந்ததைச் சொல்லி முடிக்குமுன் வைத்தியர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"அப்ப இவ்வளவு நாளும் மருந்து காதுல தங்கவே இல்ல. இதுதான் கடைசித் தரம். ஒரு வீடு, ஒரு மருந்து, ஒரு கை. காது காயிற வரைக்கும் பூனை வெளியே போகவே கூடாது. எந்த வீடுன்னு நீங்களே பேசிக்கொள்ளுங்க."

பேச ஒன்றும் இருக்கவில்லை. நான் பகல் முழுக்க ரோட்டில். மனைவி துணிக்கடையில் வேலைக்குப் போகிறவள். மகள் ஸ்கூலில். பகலில் வீட்டில் ஆள் இருப்பது ராத்தாவிடம்தான். மகளுக்கும் அது தெரியும். ஆனாலும் வீட்டுக்கு வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அவ அங்கயே பழகிட்டா திரும்பி வரமாட்டா."

வருவாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரியாததைத் தெரியும் என்று எப்படிச் சொல்வது? "காது காயணும் புள்ள. அத மட்டும் இப்ப பாப்போம்" என்றேன். அவள் பூனை படுக்கிற பழைய துவாயை மடித்து எடுத்துக்கொண்டு, தானே பூனையைத் தூக்கிக்கொண்டு, மதிலைச் சுற்றி ரோட்டு வழியாக நடந்து போனாள். நான் கூடப் போனேன்.

ராத்தா வாசலிலேயே அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். "மகள், எனக்கு அந்தச் சொட்டு எங்க விழுகுதுன்னு கண்ணே தெரியாது. நான் பிடிக்கிறேன், நீதான் வந்து ஊத்தணும். ஸ்கூலுக்குப் போகமுந்தி ஒருக்கா, வந்த பொறகு ஒருக்கா. வருவியா?"

மகள் தலையை ஆட்டினாள்.

"ஓதி ஊதுறத டொக்டர் வேணாம்னு சொல்லல்லதானே?"

"தூரத்துல இருந்து ஊதுங்க மாமி. காதுல எச்சி படக்கூடாது."

என் மனைவி தன் பங்குக்கு, கோயிலுக்குப் போய்வந்த வெள்ளிக்கிழமை அங்கே போய்ப் பூனையின் நெற்றியில் திருநீறு வைத்துவிட்டு வந்தாள். நானா அதைப் பார்த்துவிட்டு, "ஆள் பள்ளியிலயும் கோயில்லயும் நல்லா சொல்லி வச்சிருக்கு" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் வெள்ளை யூனிபோமோடு மகள் அங்கே போவாள். பூனை ராத்தா மடியில் கிடக்கும். துவாயால் சுற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை. சளக் சளக் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு நாள் பஞ்சு வைத்துத் துடைத்தபோது பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வந்தது. மகள் அந்தப் பஞ்சைக் கையில் பிடித்தபடியே ரோட்டில் ஓடி வந்து எங்களிடம் காட்டினாள். அதற்குப் பிறகும் வைத்தியர் சொன்னபடி நிறுத்தாமல் ஊற்றினார்கள்.

கடைசியாக வைத்தியர் பார்த்துவிட்டு, காது காய்ந்துவிட்டது, மயக்க மருந்து வேண்டாம் என்றார். தலை கொஞ்சம் சாய்ந்தே இருக்கும், நடையில் பிழை இல்லை. ஆனால் வலது பக்கமாக நின்று கை தட்டிப் பார்த்தபோது பூனை திரும்பவே இல்லை. "இந்தக் காது இனிக் கேட்கும்னு நான் நினைக்கல்ல" என்றார். மகள் குனிந்து, பூனையின் இடது காதில் ஏதோ சொன்னாள்.

அன்று ராத்தா குசினிக் கதவைத் திறந்துவிட்டார். மகள் எங்கள் பக்கம் துவைகல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். கூப்பிடவில்லை, நின்றாள். மூச்சுக்கூட மெதுவாக விட்டாள் என்று நினைக்கிறேன். பூனை ராத்தா வீட்டு விறகுக் கட்டில் ஏறி, தடுமாறி, சமாளித்து, மதிலில் ஏறியது. இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது. பிறகு வெயில் விழுந்த இடமாகப் பார்த்து மதில் மேலேயே நீட்டிப் படுத்துக்கொண்டது.

மகள் சிரித்துவிட்டாள். அன்று மாலை பசி எடுத்ததும் அது எங்கள் குசினிக்கு வந்து ஒரு தரம் சாப்பிட்டது. மதில் தாண்டிப் போய் இன்னொரு தரம் சாப்பிட்டது.

இப்போதும் அதன் பகல் தூக்கம் மதிலில்தான். தலையை எப்போதும் ரோட்டுப் பக்கம் வைத்துப் படுப்பதால், நல்ல காது எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கும். அந்தப் பக்கமிருந்து எவ்வளவு கத்தினாலும் அதற்குக் கேட்பதில்லை. அதனால் மீன் வாங்குகிற நாட்களில் ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ரோட்டைச் சுற்றி எங்கள் கொல்லைக்கு வருவார். மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தன் வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். மகள் எங்கள் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். பூனை இரண்டுக்கும் தலையைத் தூக்கும்.