எங்கள் தெருப்பக்கம் நீண்ட சைக்கிள் ஸ்டாண்டு

கல்யாணமான முதல் வருஷத்தில் என் கணவருக்கும் எனக்கும் நடந்த ஒரே பெரிய சண்டை ஒரு சைக்கிள் ஸ்டாண்டைப் பற்றியது. எனக்கு அப்போது இருபது வயது. சண்டையின் பாதி நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம். மீதிப் பாதியில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தோம்.

அவர் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் கணக்கு விரிவுரையாளர். கல்லூரியின் பின்சுவரை ஒட்டியே எங்கள் தெரு. சுவருக்கும் வீடுகளுக்கும் நடுவில் நீளமாக ஒரு காலி இடம் கிடந்தது. நிலம் கல்லூரியுடையது, அனுபவித்தவர்கள் நாங்கள். கயிறு கட்டித் துணி உலர்த்துவோம். கோடையில் வடாம் பிழிவோம். வெயில் தாழ்ந்ததும் பெண்கள் முறத்தோடு வந்து உட்கார்ந்தால் அரிசியில் கல் பொறுக்கியது கொஞ்சம், பேசியது நிறைய.

அதுவரை இண்டர்மீடியட் மட்டும் இருந்த கல்லூரிக்கு பி.ஏ. வகுப்பு வந்தது. சிங்கப்பெருமாள் கோயில், பாலூர், திருக்கழுக்குன்றம் என்று எல்லாத் திசையிலிருந்தும் பையன்கள் சைக்கிளில் வர ஆரம்பித்தார்கள். உள்ளே இருந்த ஓலைக் கொட்டகை நிரம்பி வழிந்தது. இடம் கிடைக்காதவர்கள் எங்கள் வீட்டுச் சுவர்களில் வண்டியைச் சாய்த்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் திறந்தால், குறுக்கே இரண்டு சைக்கிள்கள் கைகோத்துக்கொண்டு நின்றன. அக்காவின் கணவர் கோர்ட்டில் குமாஸ்தா. கோர்ட்டில் அவர் எப்படியோ, தெருவில் வாதாடுவது அக்காதான். அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் கல்லூரியில் ஒரு வகுப்பே ஜன்னலுக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் பிரின்சிபால் ஒரு முடிவெடுத்தார். பின்பக்கக் காலி இடம் முழுவதையும் வளைத்துப் பெரிய சைக்கிள் ஸ்டாண்டு கட்டுவது. அதற்குத் திட்டம் வரைந்து தரும் பொறுப்பு என் கணவர் தலையில் விழுந்தது. கணக்கு வாத்தியார், அதோடு அதே தெருவில் குடியிருப்பவர், வேறு யார் கிடைப்பார்கள்?

செய்தி தெருவுக்கு எட்டிய அன்று மாலையே அக்கா என் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு மொத்த எடத்தையும் முழுங்கிடுவாரு போலகீதே! துணி எங்க காயப்போடறது? உங்க ஆளு தலைமேலயா?"

"எனக்கு எதுவும் தெரியாதுக்கா. அவர் இன்னும் வரையவே ஆரம்பிக்கல."

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. ஆரம்பிக்கறதுக்குள்ள நீ பேசு. தெரு சார்புல நீதான். நான் சொல்லிட்டேன்."

இப்படித்தான் நான் ஒரு தெருவுக்குப் பிரதிநிதியானேன். ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்தை ஊற்றியபடியே ஆரம்பித்தேன். "தெரு சார்பா ஒண்ணு கேக்கணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யார் சார்பா?"

"தெரு சார்பா."

"கல்லூரி சார்பா நான் இப்ப சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். ஆபீஸ் நேரத்துல வந்து பாருங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து கரண்டி ஆடி, ரசம் அவர் மணிக்கட்டில் கொட்டியது. கல்லூரிமேல் தெரு நடத்திய முதல் தாக்குதல் என்று அதை ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பெரிய தாளொன்றைக் கூடத்துத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் நான்கு டம்ளர்களை வைத்து அவர் வரைய உட்கார்ந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன். அவர் போட்ட கோடு காலி இடத்தை முழுசாக விழுங்கியது. வாசல் வேறு தெருவைப் பார்த்து, சரியாக அக்கா வீட்டுக்கு நேரே.

"தினம் காலைல அத்தனை மணிச் சத்தத்தையும் அக்கா கேக்கணுமா?"

"வேற வழியில்ல. சைக்கிளோட நீளம் இவ்வளவு. ரெண்டு வரிசை, நடுவுல நடக்க வழி. அகலம் அப்படியே போயிடுது. நம்பலேன்னா நீயே அடுக்கிப் பாரு."

நான் சமையலறைக்குப் போய்ப் புளியங்கொட்டை டப்பாவை எடுத்து வந்தேன். கொட்டைகளை சைக்கிள் என்று வைத்துக்கொண்டு தாளின்மேல் அடுக்கினோம். அவர் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. என்ன அடுக்கினாலும் கொட்டைகள் கோட்டைத் தொட்டுக்கொண்டுதான் நின்றன. எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு வரிசையை உள்ளங்கையால் ஒரே தள்ளாகத் தள்ளினேன். எல்லாம் ஒருக்களித்துப் படுத்தன.

"ஏன் நேராத்தான் நிக்கணுமா? இப்படி ஒருக்களிச்சு நிக்கக் கூடாதா?"

அவர் கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் என்னவோ கணக்குப் போட்டார். அழித்தார், மறுபடி போட்டார். அவர் காது சிவந்துகொண்டே வந்தது. மகிழ்ச்சி வந்தால் அவருக்கு முதலில் காதுதான் சிவக்கும்.

"சாய்ச்சு நிறுத்தினா வரிசை நீளமாகும், ஆனா அகலம் குறையும். நமக்கு நீளம் வேண்டிய மட்டும் இருக்கு. அகலந்தான் இல்ல!" என்று எழுந்தவர், என் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கி நிறுத்திக் கூடத்தில் ஒரு சுற்று சுற்றினார். காலடியில் புளியங்கொட்டைகள் உருண்டன. நான் வழுக்க, என்னைப் பிடிக்கப்போய் அவரும் வழுக்க, இருவரும் சுவரில் மோதி நின்றோம்.

அந்த நேரம் பார்த்து அக்கா ஒரு கிண்ணத்தில் கொத்சு எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். எங்களைப் பார்த்தாள். சிதறிக் கிடந்த கொட்டைகளைப் பார்த்தாள்.

"தெரு சார்புல பேசிகினு கீறியா? நல்லா பேசு, நல்லா பேசு" என்று கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

புதுத் திட்டத்தில் பாதி இடம் தெருவுக்கே மிஞ்சியது. ஆனால் பிரின்சிபாலுக்கு அது பிடிக்கவில்லை. எதுவும் நேர்கோட்டில் இருக்க வேண்டும் அவருக்கு. பையன்கள் பிரார்த்தனைக்கு நிற்பதும், பூந்தொட்டிகள் இருப்பதும், அவருடைய தலைப்பாகை மடிப்பும் எல்லாம் நேர். "சைக்கிள்கள் ஒருக்களித்து நிற்பதா? குடித்துவிட்டு நிற்பதுபோல் இருக்காதா?" என்று கேட்டாராம். கடைசியில், இரண்டையும் தரையில் செய்து காட்டுங்கள், கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஒரு சனிக்கிழமை காலை அந்தக் காலி இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார்கள். தெருவே வெளியில் நின்றது. அக்கா மட்டும் எதையும் சட்டை செய்யாதவள்போல், கோட்டுக்கு ஓரமாகப் பாய் விரித்து எப்போதும்போல் வடாம் பிழிந்து முடித்திருந்தாள். "நம்ம எடம்னு காட்டணும்ல" என்று என் காதில் சொன்னாள்.

முதலில் பிரின்சிபால் விரும்பியபடி நேர் வரிசை. பையன்கள் சைக்கிள்களை நெருக்கி, அளவெடுத்ததுபோல் நிறுத்தினார்கள். கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக பிரின்சிபால் வரிசையின் முன்னால் நடந்தார். முகம் பூரித்துப்போனது. "பார்த்தீர்களா! இதல்லவோ ஒழுங்கு!" என்று சொல்லி, முதல் சைக்கிளின் சீட்டில் ஒரு தட்டு தட்டினார்.

அது மெதுவாக, மரியாதையாக, அடுத்த சைக்கிள்மேல் சாய்ந்தது. அது அதற்கடுத்ததன்மேல். பிறகு மரியாதை போய்விட்டது. மணிகள் அத்தனையும் ஒன்றாக அடித்துக்கொள்ள, வரிசை முழுதும் கடகடவென்று விழுந்துகொண்டே போனது. பையன்கள் பிடிக்க ஓடினார்கள், எட்டவில்லை. கடைசி சைக்கிள் கோட்டைத் தாண்டி அக்காவின் வடாம் பாயில் போய்ப் படுத்தது. அதன் முன்சக்கரம் மட்டும் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

பிரின்சிபாலின் தட்டிய கை அந்தரத்தில் அப்படியே நின்றது. நான் என் கணவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் வெடித்துவிடுவேன் என்று தெரியும்.

அக்கா எழுந்து இடுப்பில் கைவைத்தாள். "ஐயா பெரியவரே, வடாம் இன்னா தப்பு பண்ணிச்சு?"

பிரின்சிபால் பாயருகில் வந்து கறுப்புக் கோட்டோடு குந்தி உட்கார்ந்தார். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார். நசுங்காத ஒரு வடாத்தை, அரைக் காய்ச்சலில் இருந்ததை, பெயர்த்து எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். இன்னொன்று எடுத்தார்.

"பெருங்காயம் போட்டிருக்கிறீர்களா அம்மா?"

"போட்டுகீது, போட்டுகீது" என்றாள் அக்கா. அவள் உதடு துடித்தது. பிறகு அவள் சிரித்தாளே ஒரு சிரிப்பு, குலுங்கிக் குலுங்கி, கண்ணில் நீர் வர. அது பிரின்சிபாலைத் தொற்றியது. தலைப்பாகை நழுவி ஒரு காதின்மேல் இறங்க, அவர் தரையில் உட்கார்ந்தே சிரித்தார். அதற்குமேல் யாரை யார் அடக்குவது? பையன்கள் பாயைச் சுற்றிக்கொண்டு வடாத்தைத் தின்றே தீர்த்தார்கள்.

அப்புறம் சைக்கிள்களைத் தூக்கிச் சாய்வாக நிறுத்தினார்கள். என் கணவர் சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழித்துவிட்டுச் சுவர்ப்பக்கமாகத் தள்ளிப் புதுக் கோடு போட்டார். இந்தப் பக்கம் துணிக்கயிறு கட்டவும் பாய் விரிக்கவும் இடம் தாராளமாக மிஞ்சியது. "வாசல் எங்கே வைக்கலாம் அம்மா?" என்று பிரின்சிபால் அக்காவையே கேட்டார். அக்கா கல்லூரிச் சுவரைக் காட்டினாள். அங்கேயே வைத்தார்கள்.

மழைக்கு முன்னால் ஸ்டாண்டு எழும்பிவிட்டது. மேலே ஓடு, கீழே வழவழவென்று சிமெண்டுத் தரை, தெருப்பக்கம் இடுப்பளவுச் சுவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அது காலியாகக் கிடக்கும். முதல் ஞாயிறே அக்கா அந்தச் சிமெண்டைக் குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல நாம சைக்கிள் ஓட்டினா இன்னா?" என்றாள்.

வாடகைக் கடையில் பெண்கள் ஓட்டும் சைக்கிள் ஒன்றே ஒன்று இருந்தது. பிரின்சிபால் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார். என் கணவர் எனக்குப் பின்னால் சீட்டைப் பிடித்தபடி ஓடினார். "பிடிச்சிருக்கீங்களா?" என்று நான் கத்த, "பிடிச்சிருக்கேன்" என்ற குரல் ரொம்பத் தூரத்திலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் அந்தக் கோடியில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். நான் அலறியபடி தூணைக் கட்டிக்கொண்டேன். ஆனால் அதற்குள் பாதி ஸ்டாண்டை ஓட்டியிருந்தேன்! அக்கா என்னைவிட வேகம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மணியை விடாமல் அடித்தபடி, வழியில் யாருமே இல்லாதபோதும் "ஒத்து, ஒத்து!" என்று கத்திக்கொண்டே போவாள்.

தை மாதத்தில் ஒரு விடிகாலை, அவரும் நானும் ஆளுக்கொரு சைக்கிளில் கடலைப் பார்க்கக் கிளம்பினோம். திருக்கழுக்குன்றத்தில் இட்லி தின்றோம். அதற்கப்புறம் காற்று எதிரில் வீசியது, கால் கெஞ்சியது. ஆனாலும் இறங்கவேண்டும் என்று தோன்றவேயில்லை. ஒரு வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அவருக்கும் மணியடித்தேன்.

சதுரங்கப்பட்டினத்தில் பழைய டச்சுக் கோட்டையின் சுவரைத் தாண்டி மணலில் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போனோம். கட்டுமரங்கள் கரையேறியிருந்தன. மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண்களில், என் வயதுதான் இருக்கும், ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"இன்னாக்கா, நீயேவா ஓட்டிகினு வந்த? செங்கல்பட்டுலேர்ந்தா?"

"நானேதான்."

"என்னைக் குந்தவெச்சி ஓட்டுவியா?"

அதுவரை நான் யாரையும் ஏற்றி ஓட்டியதில்லை. என் கணவர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். "உக்காரு" என்றேன். அலை இழுத்துப்போன ஈர மணல் சிமெண்டுபோல் இறுகியிருந்தது. அவள் பின்னால் தாவி ஏறி என் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். கைப்பிடி இரண்டு முறை கோணியது, பிறகு நேராயிற்று. தண்ணீர் தெறிக்கத் தெறிக்க நான் மிதித்தேன். அவள் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு "வேகமா போக்கா, வேகமா!" என்று கத்தினாள். பின்னால் அத்தனை பெண்களும் கூடையைப் போட்டுவிட்டுக் கூவிக்கொண்டே ஓடிவந்தார்கள். அவர்களுக்கும் பின்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கணக்கு விரிவுரையாளர் ஒருவரும் ஓடிவந்தார்.