ஐரின் எழுதிய வில்லன்

கோச்சடையில் வசிக்கும் ஐரின் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். லீவு கேட்டால் முகத்தைச் சுளிப்பதும், அடுத்தவர் செய்த வேலைக்குத் தான் மாலை வாங்கிக்கொள்வதுமாக இருந்த தலைமையாசிரியர் தேவசகாயத்தைப் பழிவாங்க, அவரையே வில்லனாக வைத்துத்தான் அவள் நாவல் எழுத உட்கார்ந்தாள். அதற்கு ஆறு வருஷம் ஆனது. முதல் அத்தியாயத்தை மட்டும் ஏழு தடவை கிழித்துப் போட்டாள். மூன்று பதிப்பகங்கள் பதிலே போடவில்லை. நான்காவது பதிப்பகம் புத்தகமே போட்டுவிட்டது.

அந்த வாரமே தேவசகாயம் கூப்பிட்டனுப்பினார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே போனாள்.

“அந்த வில்லன் எனக்கு முந்தி இருந்த ஹெச்.எம்.தானேம்மா? ஆளை அப்படியே உரிச்சு வச்சுட்ட! ஆண்டு விழாவுல நானே வெளியிடுறேன்” என்றார். சொன்னபடி வெளியிட்டு, மாலையையும் அவரே போட்டுக்கொண்டார்.

ஆறு வருஷக் கோபமும் வீணாய்ப் போனதே என்று அவள் வீடு திரும்பினால், அன்றுதான் நாவலைப் படித்து முடித்த கணவர் டோனி முகம் வாடி உட்கார்ந்திருந்தார்.

“அந்த வில்லன் நான்தானே? என்னைய இம்புட்டு மட்டமாவா நெனச்சுக்கிட்டு இருந்த? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திருந்தியிருப்பேன்ல!”

‘அது நீங்க இல்லங்க’ என்று சொல்ல ஐரின் வாயெடுத்தாள். அதற்குள் டோனி எழுந்துபோய், கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குக் காபி போட ஆரம்பித்தார். எடுத்த வாயை அவள் அப்படியே மூடிக்கொண்டாள்.