பெரிய மேட்டில் ஸுவைனா காலா

பாலைவன மணலுக்குள் இருக்கும் எங்கள் வீடுகளிலிருந்து பிதியா ஊர்ப் பள்ளிக்குப் பெண்களை இருபது வருடமாக ஏற்றிப் போகிறவர் என் அம்மாவின் தங்கை ஸுவைனா காலா. அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் தன் வண்டியில் வந்து கல்லூரிக்குப் போன பதினோரு பேரின் பெயரையும் மனப்பாடமாகச் சொல்வார். தன் வண்டி ஒருமுறைகூட மணலில் நின்றதில்லை என்பதையும் கூடவே சொல்வார், யாரும் கேட்காவிட்டாலும்.

பழைய பிக்கப் ஓயவே, புது வண்டி வாங்கினார். அதை முதன்முதலாக மணலில் ஓட்டிய நாளில்தான் எங்கள் மூன்று பேருக்கும் கடைசித் தேர்வு. எட்டு மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். விட்டால் ஒரு வருடம் போச்சு.

அந்த வண்டியில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருந்தது. சக்கரம் வழுக்கினால் அது எஞ்சினை அடக்கிவிடும். தார் ரோட்டுக்கு அது நல்லது, மணல் மேட்டில் வண்டியை ஏறவிடாது. அதனால் காலா வாசலிலேயே பொத்தானை அமுக்கி அதை அணைத்தார். அது அணைந்ததற்கு அடையாளமாக மஞ்சள் விளக்கு எரிந்தது.

பெரிய மேட்டின் அடியில் வழக்கம்போல எஞ்சினை நிறுத்தி, இறங்கி, மணலைக் காலால் அழுத்திப் பார்த்தார். பிஸ்மில்லா சொல்லிக் கிளப்பினார். பாதி ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கி நின்றது. பின்னால் இறக்கி, நிறுத்தி, மறுபடி பிஸ்மில்லா. மறுபடியும் பாதியில் நின்றது. மணி ஏழு இருபது.

"மணல்ல புதையாம இருக்க டயர்ல இன்னும் கொஞ்சம் காத்த எறக்கலாமா காலா?" என்றாள் பின்னாலிருந்த தோழி ஷரீஃபா.

"இதுக்கு மேல எறக்குனா ரிம்முலதான் போகணும். கையில இருக்குற பேரீச்சம்பழத்தைத் தின்னுட்டு சும்மா இரு."

"நாங்க எறங்கித் தள்ளவா?" என்றேன் நான்.

"தள்ளுறதுக்கு இது என்ன சண்டி ஒட்டகமா?"

 காலா திடீரென்று ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்த விளக்குகளை உற்றுப் பார்த்தார்.

"அந்த மஞ்ச விளக்கு வீட்டுல எரிஞ்சுதே. எவ அணைச்சா?"

"யாரும் தொடல காலா," என்றேன். "எஞ்சின நிறுத்துனா அந்தக் கன்ட்ரோல் தானா திரும்ப வந்துடும் போல."

முகத்தை மூடிய பர்காவுக்குள் சிரித்தாரா முறைத்தாரா தெரியவில்லை. "மூணு பேரு பரீட்சைக்குப் படிச்சீங்க. இதை முன்னாடியே சொல்ல ஒருத்திக்கு வாயில்ல."

இந்தமுறை எஞ்சினை நிறுத்தாமலே பின்னால் இறக்கி, பொத்தானை அமுக்கினார். விளக்கு எரிந்தது. வண்டி மணலை வாரி இறைத்துக்கொண்டு மேட்டைத் தாண்டியது.

கதவு மூட நான்கு நிமிடம் இருக்கும்போது உள்ளே ஓடினோம். எழுதி முடித்து வந்தபோது காலா மற்ற டிரைவர்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வண்டி தங்கம். இந்தப் பொண்ணுங்கதான் கெளம்ப லேட்டு பண்ணிட்டாங்க."

ஷரீஃபா என்னைப் பார்த்தாள். நாங்கள் வண்டியில் ஏறிக்கொண்டோம்.