இரண்டாவது தட்டு

மாமா ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாளுக்குள் வந்துவிடுவார் என்று அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். ஒரே சாமான் இரண்டாக இருக்கும் வீட்டாருக்கு மோட்சத்தின் கதவு பாதிதான் திறக்கும் என்றும் நம்பியிருந்தோம். முதலாவதைச் சொன்னது அத்தை. இரண்டாவதைச் சொன்னது அப்பா. இவ்விரண்டு நம்பிக்கைகளையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்துக்கொண்டு திருநாளுக்கு முந்திய நாற்பது நாள் தபசுகாலம் முழுவதும் அம்மா பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆயாசமாக இருக்கிறது.

எங்கள் ஊர் திருமானூருக்கு மேற்கே, கொள்ளிடக் கரையை ஒட்டி இருந்தது. சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, இரங்கூனிலிருந்து கப்பலேறி, சென்னையில் ரயில் பிடித்து, அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி, நான்கு மரப்பெட்டிகளோடு கூண்டு வண்டியில் வந்து சேர்ந்தாள். அவள் புருஷனான மாமா அங்கே ஓர் அரிசிக் கம்பெனியில் வேலை பார்த்தார். கிடங்குச் சாவியைத் துரையிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த கப்பலில் வருவதாகச் சொல்லி, குடும்பம் நடத்திய சாமான்களை எல்லாம் கட்டி அத்தையை முன்னால் அனுப்பியிருந்தார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

அத்தை வந்த மறுநாளே எங்கள் வீட்டில் எல்லாம் இரண்டாகிவிட்டன. இரண்டு அரிவாள்மணை, இரண்டு தேங்காய்த் துருவி, இரண்டு இட்லிச் சட்டி, இரண்டு அரிக்கேன் விளக்கு, இரண்டு தண்ணீர்க் குடம். அம்மி மட்டும் ஒன்றாகவே இருந்தது. அதைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள் என்பதால் அது தப்பியது. அத்தையின் சாமான்கள் புதுக்கருக்கு அழியாதவை. அம்மாவுடையவை எங்கள் பாட்டனார் காலத்து நசுங்கல்கள். அத்தை தன் பாத்திரங்களைத் தினமும் புளி போட்டு விளக்கி, தனியாக ஒரு பலகைமேல் கவிழ்த்து வைப்பாள். "அவங்க வந்ததும் அரியலூர்ல ஒரு வூடு பாத்துக்கிட்டுப் போயிடுவோம் அண்ணி, அதுவரைக்குந்தான் ஒங்களுக்குத் தொந்தரவு" என்று அம்மாவிடம் வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வாள்.

விபூதிப் புதன்கிழமை, நெற்றியில் சாம்பல் பூசும் பூசையில், சாமியார் ஒரு பிரசங்கம் செய்தார். வயிற்றை மட்டும் ஒறுத்தால் போதாது, வீட்டையும் கொஞ்சம் ஒறுக்க வேண்டும். உங்களிடம் இரண்டாக இருப்பதில் ஒன்றை இல்லாதவருக்குக் கொடுங்கள் என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். ஏதோ ஒரு பழஞ்சேலையையோ போர்வையையோ நினைத்துக்கொண்டுதான் அவர் சொல்லியிருப்பார். ஆனால் என் அப்பா எதையும் சொன்ன அளவோடு எடுத்துக்கொள்கிற மனிதர் அல்லர். செபமாலை ஒன்று சொல்லச் சொன்னால் மூன்று சொல்வார். வீடு வந்து சேர்வதற்குள் சட்டம் இயற்றிவிட்டார். தபசுகாலத்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரட்டையாக உள்ள சாமான்களை முற்றத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். சோடிக்கு ஒன்று கூடைக்குள் போகும். சிலுவைப்பாதைச் செபத்துக்குப் போகும்போது கூடையும் கோயிலுக்குப் போகும். அதற்குமேல் ஒரு ஷரத்து: சோடியில் எது நல்லதோ அதைத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டையைக் கொடுப்பது தர்மம் ஆகாது.

இரட்டைகளைக் கண்டுபிடிக்கிற உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது; கோயிலில் நடக்கும் ஞானோபதேச வகுப்பில் முதல் பரிசு வாங்கியிருந்தேன். அந்த வயதில் அந்தப் பரிசை வாங்கிய பெண்ணைவிடச் சகிக்க முடியாத பிறவி வேறு கிடையாது. வியாழக்கிழமை சாயங்காலமானால் பரணிலிருந்து குதிர்ச்சந்து வரை நுழைந்து வருவேன்.

முதல் வெள்ளிக்கிழமை அப்பா நியாயமாகத் தன்னிடமிருந்தே தொடங்கினார். இரண்டு குடைகளில் நல்ல குடை கூடைக்குள் போயிற்று. மிஞ்சிய குடை விரித்தால் தானாகவே மடங்கிக்கொள்ளும். பங்குனி வெயிலில் அவர் அதன் கம்பியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார். ஒருசந்தி வேறு; மத்தியானம் ஒரு வேளைதான் சாப்பாடு. அதுவரை அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம்.

அதன் பிறகு அடுப்படிக்கு வந்தார். சோடியில் நல்லது போக வேண்டும் என்றால், ஒவ்வொரு சோடியிலும் போக வேண்டியது அத்தையுடையதுதான். இது அப்பாவுக்கு உறைக்கவே இல்லை. இட்லிச் சட்டி போயிற்று. அரிக்கேன் விளக்கு போயிற்று. செப்புக் குடம் போயிற்று. ஒவ்வொன்றையும் அத்தையே எடுத்துவந்து, முந்தானையால் ஒரு தடவை துடைத்து, கூடைக்குள் வைத்தாள்.

"பாத்தியா, என் தங்கச்சி மனசு யாருக்கு வரும்?" என்று அப்பா பெருமைப்பட்டுக்கொண்டார்.

"மனசுக்கென்ன? ஒங்க வூட்டு ஆளுங்களுக்கு மனசுதான் குறைச்சல் இல்ல, மூளையில ஆண்டவர் கொஞ்சம் கையப் பிடிச்சுக்கிட்டாரு" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி.

மூன்றாம் வாரம் ஒரு வினோதம் நடந்தது. எங்கள் வயலில் நாற்று நடுகிற கீழத்தெருப் பெண் ஒருத்தி, நாங்கள் கொடுத்த செப்புக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் வந்து நின்றாள்.

"அய்யா, கோவிச்சுக்கப் படாதுங்க. நீங்க ஒரு கொடம் குடுத்தீங்க. முந்தாநேத்து மேலத்தெரு பெரிய வூட்டுலயும் ஒரு கொடம் குடுத்துட்டாங்க. இப்ப எங்க வூட்டுல ரெண்டா ஆயிப்போச்சு. பிரசங்கம் எங்களுக்குந்தானுங்களே?"

கோயிலில் அவர்கள் வடக்கே, நாங்கள் தெற்கே என்று பிரிந்து நின்று பூசை கண்ட காலம் அது. சாமியார் பேசியது வடக்கேயும் கேட்டிருக்கும் என்பதை அப்பா யோசித்திருக்கவில்லை. கீழத்தெருவிலிருந்து திரும்பி வரும் குடத்தை அடுப்படிக்குள் சேர்க்கலாமா என்ற இன்னொரு யோசனையும் அவருக்கு இருந்திருக்க வேண்டும். அதற்குள் அத்தை ஓடிப்போய்க் குடத்தை வாங்கிக்கொண்டாள். கிணற்றில் நீர் சேந்தி நிரப்பி, அதிலிருந்தே ஒரு சொம்பு எடுத்துக் குடித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்தத் தபசுகாலத்தில் அது ஒரு தடவைதான்.

"சரி, அப்ப நம்ம வூட்டுல மறுபடி ரெண்டு கொடம்" என்றார் அப்பா, சுதாரித்துக்கொண்டு. "வர்ற வெள்ளிக்கிழமை திரும்பக் குடுத்துடலாம்."

"கொடத்துக்கே காலு வலிக்கும்" என்றாள் அம்மா.

அந்தக் குடம் வெள்ளிக்கிழமை போயிற்று. போனபிறகு அத்தையின் பலகைமேல் மூன்றோ நான்கோ பாத்திரங்கள்தான் மிச்சம். அதற்குப் பிறகு அம்மா ஒரு காரியம் செய்தாள். புதன்கிழமை, நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, தன் தேங்காய்த் துருவியை வண்ணாரப் பெண்ணிடம் கொடுத்து, "சத்தம் போடாம எடுத்துக்கிட்டுப் போ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் சோதனையில் வீட்டில் ஒரு துருவிதான் இருந்தது. அத்தையுடையது. இரட்டை இல்லை, ஆகவே கூடைக்குள் போக வேண்டியதில்லை.

எனக்கு இது பெரும் மோசடியாகப் பட்டது. நல்லதை வைத்துக்கொண்டு பழையதைத் தள்ளிவிட்டாள், அதுவும் ரகசியமாக. நான் நேரே அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். பாவம் செய்யும் தாயைக் கரையேற்றுகிறோம் என்றே மனமார நினைத்தேன்.

அப்பா விசாரித்தார். அம்மா மறுக்கவில்லை. "ஆமாங்க, குடுத்தேன். என் தொடைய பத்து எடத்துல கீறுன துருவி அது. அதைக் குடுக்க எனக்கு உரிமை இல்லியா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒன்னைய ஞானோபதேசத்துக்கு அனுப்பினதுக்கு ஆடு மேய்க்க அனுப்பியிருக்கலாம்டி" என்றாள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு வேதத்துக்காக அடிபட்ட வேதசாட்சியாகும் பாக்கியம் கிடைத்திருக்கும்.

அதற்கடுத்த வாரம் இரங்கூன் ஜப்பான்காரன் கையில் விழுந்துவிட்ட சேதி வந்தது. தபால்காரர் திருமானூரிலிருந்து கொண்டுவந்தார்; கடிதமாக அல்ல, வாய்ச் சேதியாக. அத்தை அன்றைக்கும் மிச்சமிருந்த பாத்திரங்களைப் புளி போட்டு விளக்கினாள். பெரியவர்கள் யாரும் என் முன்னால் மாமாவைப் பற்றிப் பேசவில்லை. எனக்கோ வேறு கவலை: பாஸ்குக்கு முந்திய வாரத்துக் குருத்து ஞாயிற்றுக்கு முன் கடைசி வெள்ளிக்கிழமை வருகிறது, வீட்டில் இரட்டையாக ஒன்றுமே மிச்சமில்லை. வெறுங்கூடையோடு தபசுகாலத்தை முடிப்பதா?

வியாழக்கிழமை சாயங்காலம் அத்தை தண்ணீருக்குப் போயிருந்தபோது நான் அவளுடைய கடைசிப் பெட்டியைத் திறந்தேன். மாமாவின் இரண்டு சட்டைகள் இருந்தன. அவற்றை நான் தொடவில்லை. அப்பாவுக்குச் சட்டையே கிடையாதாகையால் அவை சோடி சேராது என்று தீர்மானித்தேன். அடியில், ஒரு துண்டில் சுற்றி, தட்டு ஒன்று இருந்தது. வெள்ளை எனாமல், நீல விளிம்பு. விளிம்பில் ஓர் இடத்தில் பூச்சு உதிர்ந்து கறுப்பு இரும்பு தெரிந்தது. எங்கள் வீட்டில் தட்டில் சாப்பிடுகிறவர் அப்பா ஒருவர்தான். அவருடையது கல்யாணத்துக்கு வந்த கனத்த வெண்கலத் தட்டு. எங்களுக்கெல்லாம் மந்தாரை இலை. தைப்பது என் வேலை.

வெள்ளிக்கிழமை எல்லோரும் முற்றத்தில் கூடியபோது அந்தத் தட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"அப்பா, ஆம்பளைத் தட்டு ரெண்டு இருக்கு."

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றுவிட்டது. அப்பா தட்டைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். சட்டத்தைப் போட்டவர் அவர், கண்டுபிடித்தது அவர் மகள். கனைத்துக்கொண்டார்.

"மாப்பிள வந்ததும் புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம்மா" என்றார்.

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். "எல்லாந்தான் போயிடுச்சே அண்ணே. அதுவும் போவட்டும்" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்து தட்டை வாங்கி, வழக்கம்போல முந்தானையால் துடைத்தாள். துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். கூடைக்கு அருகே வரவில்லை.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். "ரெண்டுல எதுங்க நல்லது?" என்றாள்.

"என்ன?"

"நல்லதைத்தான் குடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? ஒண்ணு பூச்சு போன தட்டு. இன்னொண்ணு வெங்கலம். எது நல்லது? சொல்லுங்க."

அம்மா உள்ளே போய் வெண்கலத் தட்டை எடுத்துவந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"நான் எதுல சாப்புடறது?"

"எலயில சாப்புடுங்க. நாங்கள்லாம் சாப்புடல? ஒங்க மவ தைப்பா. அவளுக்குத்தான் கை சும்மா இருக்க மாட்டேங்குதே."

என் அப்பா பிடிவாதக்காரர். ஆனால் தான் போட்ட சட்டத்துக்குத் தானே அடங்குகிற பிடிவாதம் அது. அம்மாவின் கையிலிருந்து தட்டை வாங்கித் தாமே கூடைக்குள் வைத்தார். மடங்குகிற குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, அந்த ஒற்றைத் தட்டுக் கூடையோடு கோயிலுக்கு நடந்தார். குடம் திரும்பி வந்தது போல அது திரும்பி வரவில்லை. கீழத்தெருவில் யாரிடமும் இரண்டு வெண்கலத் தட்டு இருந்திருக்காது.

எனக்கு அன்றைக்கு மகா எரிச்சல். அப்பாவை எல்லோர் முன்னாலும் தோற்கடிக்கத்தான் அம்மா இப்படிச் செய்தாள் என்று நினைத்தேன். தினமும் ஓர் இலை கூடுதலாகத் தைக்க வேண்டியதாயிற்று. அப்பாவுக்குப் பெரிய இலை வேறு வேண்டும். பாஸ்குத் திருநாள் வந்தது. மாமா வரவில்லை. அத்தை தட்டைக் கழுவி, ஏறக்குறையக் காலியாகிவிட்ட தன் பலகைமேல் கவிழ்த்து வைத்தாள். அதன் பிறகு தினமும் அப்படித்தான்: கழுவுவாள், கவிழ்ப்பாள். பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர்கள் ஒருசிலர் அரியலூர்ப் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு அப்பா இரண்டு மூன்று தடவை போய் விசாரித்து வந்தார். யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. பார்க்காததால் செத்ததாகவும் சொல்லவில்லை. ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளுக்கு இறந்தவர்களின் பெயர்களைப் பூசைக்குக் கொடுக்கும்போது, மாமாவின் பெயரைக் கொடுக்க அப்பா கடைசிவரை துணியவில்லை.

பல வருஷங்கள் கழித்து, பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு வெண்கலத் தட்டு வாங்கிக்கொண்டு போனேன். சிறுவயதில் செய்ததற்கு ஏதோ ஈடு செய்கிறோம் என்ற திருப்தி. அப்பா அதை இரண்டு கைகளாலும் வாங்கி, கனம் பார்த்து, தட்டிச் சத்தம் கேட்டுவிட்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம்மா. வூட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு" என்றார்.

அடுப்படியில் அத்தை தட்டைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷமாக அப்பா இலையில் சாப்பிட்டது அம்மாவிடம் வீம்பு பிடித்து என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இன்னொரு தட்டு அந்த வீட்டுக்குள் வந்தால் மறுபடியும் இரண்டாகிவிடும்; அப்போது ஏதாவதொன்று போயாக வேண்டும். அது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ஒன்பது வயதில் புரியவில்லை. அந்த முற்றத்தில் நின்ற பெரியவர்கள் மூவருக்கும் அது அப்போதே தெரிந்திருந்தது. அவர்கள் அதைப் பற்றித் தங்களுக்குள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை.

அப்பா முதலில் போனார், பிறகு அம்மா, கடைசியாக அத்தை. நீல விளிம்புத் தட்டு என்னிடம் வந்தது. கல்லறைத் திருநாளன்று நான் பூசைக்கு மூன்று பெயர்களைக் கொடுக்கிறேன். நான்காவது பெயரைச் சேர்த்துவிடு என்று சொல்லவும், சேர்க்காதே என்று சொல்லவும் அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்க நான் ஒருத்தி இருக்கிறேன்.